நின்றுபோன தெற்குக் கோபுரம்

ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆன பிறகு, வேலையைப் பற்றி எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்பார்கள் என்று நினைக்கவில்லை. போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து காவ்யா வந்தாள். நான் விலகியபோது புதிதாகச் சேர்ந்திருந்தவள். மைசூரில் பிறந்த தமிழ்ப் பெண். கன்னடத்தில் நினைத்துத் தமிழில் பேசுவாள். மடிக்கணினியைத் திறந்து என் முன்னால் வைத்தாள்.

"மேடம், அந்தப் பென்சில் எழுத்து படிச்சாச்சு. பழைய ஜெர்மன் கையெழுத்து படிக்கிற சாஃப்ட்வேர் இருக்கு. ஒரு நிமிஷம்கூட ஆகல."

திரையில் அந்த மூன்று வரிகள். இருபத்தைந்து ஆண்டுகளாக என்னால் மறக்க முடியாத வரிகள்.

"என்ன போட்டிருக்கு?"

"புதுசா கட்டணும்னு இருக்கு மேடம். நீங்கதான் அன்னைக்கு வேலையை நிறுத்தினீங்க அல்வா?"

அல்வா என்றால் கன்னடத்தில் 'இல்லையா' என்று பொருள். சும்மாதான் கேட்டாள். கிளம்பும்போது, "இதையெல்லாம் எழுதி வைங்க மேடம், எங்களுக்கு ஒண்ணுமே தெரியல" என்றாள். எனக்கும்தான் தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அப்பா மைசூர் ரயில்வே பணிமனையில் குமாஸ்தா. திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். நான் பாலிடெக்னிக்கில் வரைபடப் பயிற்சி முடித்து, இருபத்தோரு வயதில் கட்டடக்கலைஞர் செல்வநாயகம் சாரின் அலுவலகத்தில் படம் நகலெடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு அளவெடுக்கப் போனேன். பிறகு அறிக்கை எழுதினேன். கடைசியில் பழைய கட்டடப் பிரிவு முழுக்க என் பொறுப்புக்கு வந்தது. பெரும்பாலும் தேவாலயங்கள். வெள்ளிக்கிழமை வீட்டில் விளக்கேற்றிவிட்டு, சனிக்கிழமை சாரத்தில் ஏறி மாதா சுரூபத்துக்குப் பின்னால் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மாவுக்கு முதலில் சங்கடமாக இருந்தது. பிறகு, "அங்கேயும் செருப்பைக் கழட்டிட்டுத்தானே போறே?" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

செல்வநாயகம் சார் கோலார் தங்கவயல்காரர். சுரங்கத் தொழிலாளியின் மகன். கத்தோலிக்கர். உயரமாக, ஒடுங்கி, எப்போதும் முழுக்கைச் சட்டையில் இருப்பார். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. படத்தில் தப்பு இருந்தால் அதன் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு, "இதுக்கு அடியில என்ன இருக்குன்னு பார்க்காம சொல்லு" என்பார். சொல்லும்போதே நம் தப்பு நமக்குத் தெரிந்துவிடும். கள ஆய்வுக்கு ஒவ்வொருவருக்கும் கோடு போட்ட நோட்டு கொடுப்பார். இடது பக்கத்தில் கண்ணால் பார்த்தது மட்டும். வலது பக்கத்தில் நாம் நினைத்தது. 'ஈரம்' இடது பக்கம். 'மழைநீர் இறங்குகிறது' வலது பக்கம். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று நீ பார்த்தாயா என்று கேட்பார். இந்த ஒழுங்கு எனக்கு வருவதற்கு இரண்டு வருடம் ஆயிற்று.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பழைய ஐரோப்பிய பாணியில், கூர்நுனி வளைவுகளும் ஊசிமுனைக் கூரையுமாக, முழுக்கக் கல்லிலேயே ஒரு கோபுரம் கட்ட வேண்டும். வாழ்நாளெல்லாம் பிறர் கட்டியதைப் பழுது பார்த்தவர். அந்த வாய்ப்பு கொள்ளேகாலத்துக்கு அப்பால், பாலாறு போகும் சாலையில் உள்ள ஓர் ஊரிலிருந்து வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். எல்லாரும் தமிழர்கள், விவசாயிகள், பல தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். கோயிலின் நூறாம் ஆண்டு வரவிருந்தது. முகப்பில் வடக்குப் பக்கம் மட்டும்தான் கோபுரம். தெற்கே சுவர் மொட்டையாக நின்றது. இன்னொன்றையும் கட்டி முடித்துவிட வேண்டும் என்று ஊர் கூடி முடிவு செய்திருந்தது.

பங்குச் சாமியார் எங்களுக்கு ஒரு தகரக் குழாயைத் திறந்து காட்டினார். உள்ளே துணி ஒட்டிய காகிதத்தில் ஏழு படங்கள். மூலையில் எச்.கே. என்று இரண்டே எழுத்து. அந்த மனிதர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவருடைய தம்பிதான் இந்த ஊருக்கு வந்த முதல் சாமியார்; ஊரில் இன்றும் தாடிச் சாமியார் என்கிறார்கள். தம்பி கடிதத்தில் எழுதிய அளவுகளை வைத்து, மண்ணையும் மழையையும் பார்க்காமல், அண்ணன் ஜெர்மனியில் உட்கார்ந்து வரைந்து கப்பலில் அனுப்பியிருக்கிறார். நான் எத்தனையோ படங்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு கை பார்த்ததில்லை. ஒவ்வொரு கல்லுக்கும் விளிம்பு, ஒவ்வொரு விளிம்புக்கும் நிழல்.

முகப்புப் படத்தில் வடக்குக் கோபுரம் முழுக் கோட்டில் இருந்தது. தெற்குக் கோபுரம் விட்டு விட்டு வரைந்த கோட்டில். அதன் கீழே பென்சிலில் மூன்று வரி. யாராலும் படிக்க முடியவில்லை. மைசூரில் ஜெர்மன் சொல்லிக்கொடுத்த ஒருவரிடம் காட்டினோம். இது அந்தக் காலத்துக் கையெழுத்து, தனக்கே புரியவில்லை என்றார்.

விட்டு விட்டு வரைந்தால் பின்னால் கட்ட வேண்டியது என்று பொருள். எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் வழக்கம். நானும் நோட்டில் எழுதினேன்: 'தெற்குக் கோபுரம், பின்னால் கட்டுவதற்காக விடப்பட்டது.' இடது பக்கத்தில் எழுதிவிட்டேன். சாரும் அதைப் பார்த்தார். திருத்தாமல் பக்கத்தைப் புரட்டினார்.

கோயில் பதிவேட்டில் லத்தீனில் இருந்த ஒரு குறிப்பைச் சாமியார் படித்துச் சொன்னார். வடக்குக் கோபுரம் முடிந்த வருஷம் தாடிச் சாமியார் காய்ச்சலில் இறந்துபோனார். அடுத்து வந்தவர் இத்தாலிக்காரர். மேலே என்ன செய்வது என்று கேட்டு அந்தப் படத்தை அண்ணனுக்கு அனுப்பினார். பத்து மாதம் கழித்துப் படம் திரும்பி வந்தது. ஆக, அந்தப் பென்சில் வரிகள்தான் அண்ணன் அனுப்பிய பதில். அதை அந்த இத்தாலியராலும் படிக்க முடியவில்லை போலிருக்கிறது. தெற்குக் கோபுரம் கட்டாமலே நின்றுவிட்டது.

இது தெரிந்த அன்றே நான் அந்த வரிகளை அப்படியே நகலெடுத்து, பெங்களூரில் ஒரு மடத்தில் இருந்த வயதான ஜெர்மன் சகோதரிக்கு அனுப்பினேன். அவர் சொந்த ஊருக்குப் போயிருந்தார். பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் வேலை தொடங்கிவிட்டது.

மண்ணைத் தோண்டிப் பார்த்தோம். வடக்கில் ஆளுயரத்திலேயே கெட்டியான செம்மண் வந்தது. தெற்கில் இன்னும் ஆழம் போக வேண்டியிருந்தது. நடுவில் கறுப்பாக ஒரு அடுக்கு, கையில் பிசைந்தால் ஒட்டியது. அதற்குக் கீழே கெட்டி மண் கிடைத்தது. அஸ்திவாரத்தை அகலமாக்கினால் போதும் என்றார் சார். கணக்குப்படி சரிதான். உபதேசியார் சவரியப்பன், அதாவது கோயிலைப் பார்த்துக்கொண்டு பூசைக்கு உதவியாக இருப்பவர், குழியோரம் நின்று சொன்னார்:

"அந்தப் பக்கம் கோடையிலயும் ஈரம் காயாதுங்க அம்மிணி. எதுக்கும் ஒருக்கா யோசிச்சுக்கோங்க."

யோசித்தோம். ஊரே கல் சுமந்தது. வயல் வேலை முடிந்து வந்து பெண்கள் மணல் சலித்தார்கள். பத்து மாதத்தில் கோபுரம் கோயில் கூரை மட்டத்துக்கு ஏறிவிட்டது. சார் வாரத்துக்கு இருமுறை வருவார். வேட்டைக்குப் போகிறவரைப்போல அதிகாலையில் கிளம்பிவிடுவார். ஒருநாள் கொத்தனாரிடமிருந்து உளியை வாங்கி அவரே ஒரு கல்லின் விளிம்பைச் செதுக்கினார். அறுபதை நெருங்கிய மனிதர், முகமெல்லாம் கல்தூளும் சிரிப்புமாக நின்றார்.

மழைக்குப் பிறகு விரிசல் வந்தது. பழைய முகப்புச் சுவரில், புதுக் கோபுரம் சேரும் இடத்தையொட்டி, கீழிருந்து மேலாகத் தலைமுடி அளவுக்கு ஓடியிருந்தது. விரிசல் நின்றுவிட்டதா, நகர்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரண்டு முனையையும் சாந்தால் சுவரோடு ஒட்டிவிட வேண்டும். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். வளைந்து கொடுக்காது. நானே மூன்று துண்டுகள் ஒட்டினேன்: அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, உச்சியில் ஒன்று. ஒவ்வொன்றிலும் தேதியைக் கீறினேன். வாரம் தவறாமல் பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். ஐந்து வாரம் ஒன்றுமில்லை.

ஆறாவது வாரம் ஊர்த் திருவிழா முடிந்திருந்தது. கொடிமரத்தில் காகிதத் தோரணம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால் நடுக் கண்ணாடி இரண்டாக உடைந்து கிடந்தது. மற்ற இரண்டும் முழுசாக இருந்தன.

அதே வாரம் ஜெர்மன் சகோதரியின் கடிதம் வந்தது. நல்ல மனுஷி, விசாரித்து எழுதியிருந்தார். எச்.கே. அந்தப் பக்கத்தில் பேர்பெற்றவராம். ஆயுள் முழுக்கக் கோயில்களே கட்டினார். எல்லாம் அறுநூறு எழுநூறு வருஷத்துக்கு முந்தைய பாணியில். இளமையில் அதற்காகவே கொண்டாடப்பட்டார். வயதான காலத்தில் ரசனை மாறிப்போய், இவர் வெறும் நகலெடுப்பவர், சொந்தமாக ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைசிப் பத்து வருஷம் ஒரு கோயில்கூடக் கிடைக்கவில்லை. தம்பி இறந்த பிறகு இந்தியப் படத்தைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை என்று அவர் பேத்தி சொன்னாராம்.

பென்சில் வரிகளைப் பற்றி இப்படி எழுதியிருந்தார்: முதல் வரி தெற்குக் கோபுரம். கடைசி வரி அவர் பெயரெழுத்தும் நாளும். நடு வரியில் இரண்டு சொல். இரண்டாவது, கட்டுவது. முதல் சொல்தான் சிக்கல். அது 'ஒருபோதும் இல்லை' என்ற சொல்லாக இருக்கலாம். 'புதிதாக' என்ற சொல்லாகவும் இருக்கலாம். அந்தக் கையெழுத்தில் இரண்டும் மேலும் கீழுமாகப் போகும் கோடுகள்தான். ஒன்றில் ஐந்து, மற்றதில் ஆறு. அந்த இடத்தில் காகிதம் மடிந்து தேய்ந்திருக்கிறது. 'என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, மன்னியுங்கள்.'

கடிதத்தையும் உடைந்த கண்ணாடியையும் சாரின் மேசையில் வைத்தேன். மறுநாள் அவர் தனியாக ஊருக்குப் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தார். என்னை உட்காரச் சொன்னார்.

"வெயில்ல உடைஞ்சிருக்கும்மா. கண்ணாடிதானே."

"மத்த ரெண்டும் அதே வெயில்லதான் சார் இருக்கு."

"புதுசான்னுதான் எழுதியிருக்கார்னு எனக்குத் தோணுது."

"தோணறது வலது பக்கம் சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். வேறு ஏதாவது சொல்வார், ஒரு வலுவான காரணம் காட்டி என்னை மடக்குவார் என்று காத்திருந்தேன். "உனக்கு எது சரின்னு படுதோ" என்று நிறுத்திக்கொண்டார்.

நான் பங்குச் சாமியாருக்கு என் பெயரில் எழுதினேன். பழைய சுவர் அசைகிறது; மேலே ஏற்ற வேண்டாம். வேலை நின்றது. கூரை மட்டத்தில் ஓடு வேய்ந்து மூடினார்கள்.

அந்த ஊர் என்னை மன்னிக்கவில்லை. கடைசியாகச் சாமான்களை எடுக்கப் போனபோது ஒரு பெண் வாசலிலேயே கேட்டாள்: "உங்க சாமி கோயிலா இருந்தா இப்பிடி மொட்டையா உடுவீங்களாக்கும்?" பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மைசூர் வரை அழுதேன். சார் அதற்குப் பிறகு ஒரு தேவாலய வேலையையும் தொடவில்லை. எல்லாவற்றையும் என்னிடம் தள்ளிவிட்டார். கோபம் என்று நினைத்தேன். மரியாதையாகவே பேசினார், அதுவே எனக்குக் கோபமாகத் தெரிந்தது.

விரிசலோ அதற்குப் பிறகு நகரவே இல்லை. உடைந்த இடத்தில் நான் ஒட்டிய புதுக் கண்ணாடி அப்படியே இருந்தது. பாரத்தை நிறுத்தியதால் நின்றதா, எப்படியும் நின்றிருக்குமா? ஒவ்வொரு வருஷமும் போய்ப் பார்த்து, ஒவ்வொரு வருஷமும் இதே கேள்வியோடு திரும்பினேன்.

இப்போது அந்த ஊருக்கு இளம் சாமியார் ஒருவர் வந்திருக்கிறார். கோபுரத்தை முடிக்கலாமா என்று எங்கள் அலுவலகத்தைக் கேட்டிருக்கிறார். அதனால்தான் காவ்யா படங்களை எடுத்து ஆராய்ந்தாள். அன்று என் வீட்டில் உட்கார்ந்தபடியே அந்தச் சொல்லை இன்னும் பெரிதாக்கி மறுபடியும் படிக்க வைத்தாள். இந்த முறை சாஃப்ட்வேர் 'ஒருபோதும் இல்லை' என்றது.

"அய்யோ, இதென்ன மேடம், மாத்தி மாத்திச் சொல்லுது!"

எனக்குச் சிரிப்பு வந்தது. எச்.கே. பார்க்காத மண்ணை நினைத்து வேண்டாம் என்றாரா, தம்பி போன துக்கத்தில் வேண்டாம் என்றாரா, அல்லது படத்தையே புதிதாகப் போட்டு நன்றாகக் கட்டுங்கள் என்றாரா?

மறுவாரம் காவ்யாவோடு ஊருக்குப் போனேன். சவரியப்பன் இப்போது ஓய்வில் இருக்கிறார், காது மந்தம். என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். காவ்யா தெற்குச் சுவரின் அருகே அளவெடுக்கும் கருவியை நிறுத்திக்கொண்டிருந்தாள். அவர் அதைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு என் பக்கம் நெருங்கி வந்து சொன்னார்:

"அம்மிணி, ஒரு காரியம் சொல்லோணுமுங்க. அந்தக் கண்ணாடி... நாந்தானுங்க. தோரணங் கட்ட ஏணியச் சாத்துனேன். கொம்பு பட்டுப் போட்டுதுங்க. வேலை நிக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. நின்னதுக்கப்புறம் சொன்னா ஊரு என்னையக் கொன்னு போடுமேன்னு..."

"இத்தனை வருஷமா சொல்லலியே உபதேசியாரே?"

"நீங்க வருஷா வருஷம் வருவீங்க. ஒவ்வொருக்காவும் சொல்லலாம்னுதான் வருவனுங்க."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கோபம் வரவில்லை. அவர் கண்ணாடியை உடைத்தார். நான் அதை வைத்துச் சாரின் கோபுரத்தை நிறுத்திவிட்டேன். மைசூர் வந்ததும் காவ்யாவை அனுப்பிவிட்டேன்.

செல்வநாயகம் சாருக்கு எண்பத்தைந்து. மைசூர் யாதவகிரியில் மகனோடு இருக்கிறார். நேராக அங்கே போனேன். வாசல் வராந்தாவில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

"சார், அந்தக் கண்ணாடி தானா உடையல. உபதேசியார் ஏணி பட்டு உடைஞ்சிருக்கு. இன்னைக்குத்தான் சொன்னார். என்னை மன்னிச்சிடுங்க சார்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தெரியும் கோமதி."

"என்ன சார்?"

"மறுநாள் போனேனில்ல. கண்ணாடிக்குப் பக்கத்துல சுண்ணாம்பு உரசியிருந்துச்சு. மூங்கில் தடம். கீழ மண்ணுல ஏணிக்கால் குழி ரெண்டு."

"அப்புறம் ஏன் வெயில்னு சொன்னீங்க?"

"ஏணின்னு சொல்லியிருந்தா நீ ஒத்துக்கிட்டிருப்ப. கட்டியிருப்போம்."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் எதிரே படியில் உட்கார்ந்தேன்.

"அந்தக் கறுப்பு மண்ண கையில பிசைஞ்ச நாள்லருந்து எனக்குப் பயம்மா. கணக்கு சரின்னு சொல்லுது. நானும் சரின்னு சொல்லிட்டேன். ஆசை வேற. எப்படி நிறுத்தறதுன்னு தெரியல. நீ கண்ணாடியக் கொண்டாந்து வெச்ச."

"ஊரு என்னைத்தானே சார் திட்டிச்சு."

"தெரியும்மா." கம்பளியை இழுத்து விட்டுக்கொண்டார். "அதுக்கு உன்கிட்ட என்ன சொல்றதுன்னுதான் இத்தனை வருஷமா தெரியல."

மருமகள் காபி கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். அவர் என்னைக் காப்பாற்றினாரா, என் பின்னால் ஒளிந்துகொண்டாரா என்று அப்போதும் புரியவில்லை, இதை எழுதும்போதும் புரியவில்லை. இரண்டும் நடந்திருக்கும் போலிருக்கிறது. அங்கேயே அவரோடு சண்டை போடலாமா என்று நினைத்தேன். ஆனால் அவர் விரல்கள் டம்ளரைப் பிடிக்க முடியாமல் தடுமாறியபோது நானே வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் இளம் சாமியாருக்குக் கடிதம் எழுதினேன். நடுக் கண்ணாடி ஏணி பட்டு உடைந்தது. சுவர் அசைந்ததற்கு அது சான்றல்ல. யாருடைய ஏணி என்று எழுதவில்லை. மற்ற இரண்டு கண்ணாடிகளும் உடையவில்லை. விரிசல் அன்று முதல் நகரவில்லை. தெற்கு மண்ணில் கறுப்பு அடுக்கு உண்டு. அது பாரம் தாங்குமா என்று எங்கள் இருவருக்கும் சந்தேகம் இருந்தது, ஆனால் அன்று அறிக்கையில் அப்படி எழுதவில்லை. பென்சில் சொல்லை யாராலும் உறுதியாகப் படிக்க முடியவில்லை. கையெழுத்திட்டு, சாரிடம் எடுத்துப் போனேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டுத் தன் பெயரையும் கீழே போட்டார்.

நான்கு நாள் கழித்துச் சாமியார் அழைத்தார்.

"அம்மா, லெட்டர் கெடச்சுதுங்க. எல்லாம் எழுதியிருக்கீங்க. கட்டலாமா வேண்டாமான்னு மட்டும் எழுதலீங்களே?"

"ஆமாம் ஃபாதர். எழுதலை."

"ஊர்ல கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்றதுங்க?"

"எனக்குத் தெரியலைன்னு சொல்லுங்க. வர்ற திங்கட்கிழமை தெற்குச் சுவரோரம் ரெண்டு ஆள் நிறுத்தி ஒரு குழி தோண்டச் சொல்லுங்க, கையால. நாங்க ரெண்டு பேரும் வந்து மண்ணைப் பார்க்கிறோம்."

"ரெண்டு பேருன்னா, அந்தப் பெரியவருங்களா? இந்த வயசுல அவரால வர முடியுங்களா?"

"கார்ல கூட்டிட்டு வரேன்" என்றேன். சாரிடம் நான் இன்னும் கேட்டிருக்கவில்லை.